மென்பொருட் பொதியும் அதன் பயணமும்

பாறையை வெட்டி அரைத்து, பொன்னைப் பிரித்து, உருக்கிக் கட்டியாக வார்த்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று பொன் தொழிலை அறிந்தவர் எவரும் கருதுவதில்லை. கட்டியின் எடை காணப்படவேண்டும்; மாற்று சோதிக்கப்படவேண்டும்; எண்ணிட்டு, பெட்டியிலிட்டு, முத்திரை வைத்து அனுப்பப்படவேண்டும். பெற்றுக்கொள்பவரும் முத்திரையைப் பார்த்து, மீண்டும் எடையிட்டு, குறிப்புடன் ஒப்பிட்ட பின்னரே கையெழுத்திடுவார். ஆக்குவது ஒரு தொழில். ஆக்கியதைக் குறைவின்றி உரிய இடம் சேர்ப்பது மற்றொரு தொழில்.

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளுக்கும் இதே நியதி பொருந்தும். அது எவ்வாறு பொதியப்படுகிறது, எவ்வாறு அனுப்பப்படுகிறது, சேர்ந்த இடத்தில் எவ்வாறு நிலைநிறுத்தப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பொன்னை உவமையாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கருநாடகத்தில் தமிழ் மக்கள் பெருந்தொகையினராக வாழும் கோலார் தங்கவயலில், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் நடைபெற்ற சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28ஆம் நாளுடன் நின்றுபோயிற்று. அதன் பின்னர் அவ்வூர்க் குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்குக் கணிப்பொறிப் பயிற்சி என்பது பொழுதுபோக்கன்று, பிழைப்புக்குரிய வழி. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒருங்கே வழங்கும் அத்தகைய ஊரில், ஒரே கணிப்பொறி மூன்று மொழி எழுத்துக்களையும் காட்டவேண்டியிருக்கிறது. குறையுள்ள ஒரு மென்பொருட் பிரதியால் பள்ளியின் கணிப்பொறிக்கூடம் ஒரு வாரம் முடங்கினால், இழப்பு மாணவர்க்கே. அந்த இழப்பைத் தவிர்க்கும் அறிவு, கூடத்தின் பொறுப்பை ஏற்ற ஆசிரியருக்கும், ஊர் ஊராகச் சென்று கணிப்பொறிகளைச் சீர்செய்யும் களப்பணியாளருக்கும் இன்றியமையாதது.

வெறும் நகல் ஏன் போதாது?

ஒரு கடிதத்தையோ படத்தையோ ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் பென்டிரைவில் நகலெடுத்துச் செல்கிறோம். அது குறைவின்றித் திறக்கிறது. மென்பொருளையும் அவ்வாறே கொண்டு செல்லலாகாதா என்ற வினா இயல்பாகவே எழும்.

மென்பொருள் பெரும்பாலும் ஒரே கோப்பாக இருப்பதில்லை. அதில் நால்வகை உறுப்புக்கள் உண்டு. முதலாவது, கட்டளைகளைத் தாங்கிய இயங்கு கோப்பு. இரண்டாவது, பல நிரல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் நூலகக் கோப்புக்கள். மூன்றாவது, எழுத்துருக்கள், படங்கள், அகராதிகள் முதலிய துணைப்பொருள்கள். நான்காவது, எது எங்கே இருக்கிறது, எவ்வகைக் கோப்பை எந்த நிரல் திறக்கவேண்டும் என்று கணிப்பொறிக்குத் தெரிவிக்கும் அமைப்புக் குறிப்புக்கள். விண்டோஸ் முறையில் இக்குறிப்புக்களுட் பல 'பதிவேடு' என்னும் பொது இடத்தில் எழுதப்படுகின்றன. இந்நான்கும் கணிப்பொறியின் வெவ்வேறு இடங்களில் பரவிக் கிடப்பதால், ஓர் உறையை மட்டும் நகலெடுப்பவருக்கு முழு மென்பொருளும் கிடைப்பதில்லை.

மேசைத்திரையில் தோன்றும் சின்னத்தை நகலெடுத்துச் செல்வோரும் உளர். அச்சின்னம் பெரும்பாலும் மென்பொருளன்று. மென்பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும் கைகாட்டி மட்டுமே. அதைக் கொண்டு செல்பவர், வீட்டையே எடுத்துச் செல்வதாக எண்ணி வாயிற்கதவின் இலக்கப் பலகையைக் கழற்றிச் சென்றவரை ஒப்பர்.

எழுத்துருவின் நிலை இதைத் தெளிவாக விளக்கும். கருநாடக அரசுக்காகக் கன்னட கணக பரிஷத்து என்னும் அமைப்பு 'நுடி' என்ற கன்னட மென்பொருளை உருவாக்கியது. அது இலவசமாக வழங்கப்பட்டது. அதன் பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின் இடத்திலேயே கன்னட வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. தமிழில் 'பாமினி' எழுத்துருவும் இம்முறையைச் சார்ந்ததே. அவ்வாறு எழுதிய கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே வரிசையாகத் தோன்றும். கடிதம் பழுதுறவில்லை, அதனுடன் வந்திருக்கவேண்டிய துணைப்பொருள் வரவில்லை.

'யூனிகோடு' முறையில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்களுக்கும் தனி எண்கள் அளிக்கப்பட்டதால் இக்குழப்பம் பெரிதும் குறைந்தது. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. எனினும், எண் சரியாக இருந்தபோதிலும், அதற்குரிய வடிவத்தைத் தாங்கிய எழுத்துரு கணிப்பொறியில் இல்லையெனில் வெற்றுக் கட்டங்களே தெரியும். ஆகவே, மென்பொருளை அனுப்புவது என்பதன் பொருள், அதற்கு வேண்டிய அனைத்தையும் ஒருங்கே அனுப்பி, ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் அமர்த்துவது என்பதாகும். ஒருங்கே அனுப்புவதற்குரிய பெட்டி 'வட்டுப் படிமம்'; உரிய இடத்தில் அமர்த்தும் கைவினைஞன் 'நிறுவி'.

வட்டுப் படிமம்

ஒரு சுவடியைப் பிறிதோரிடத்துக்கு அனுப்ப இரு வழிகள் உண்டு. அதிலுள்ள பாடல்களை மட்டும் தாளில் படியெடுத்து அனுப்புவது ஒன்று. மேலேடு முதல் வெற்றேடு ஈறாக, ஏட்டுக்கு ஏடு நிழற்படம் எடுத்து அனுப்புவது மற்றொன்று. பின்னதில் பாடல்களோடு ஏடுகளின் வரிசையும் ஓரக் குறிப்புக்களும் மாறாமல் வந்துசேரும். வட்டுப் படிமம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு வட்டில் உள்ள கோப்புக்களை மட்டுமன்றி, அவற்றின் அடைவையும் அமைப்பையும் அவ்வாறே தாங்கிய ஒரே பெருங்கோப்பு அது.

இதன் அடிப்படையைக் குறுந்தகட்டைக் கொண்டு விளக்கலாம். குறுந்தகட்டில் செய்திகள் 'செக்டர்' எனப்படும் சிறு கூறுகளாகப் பதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூறும் 2,352 பைட் நீளமுடையது. அதில் நமது கோப்புக்கு உரியவை 2,048 பைட் மட்டுமே. எஞ்சியவை, கூறின் தொடக்கத்தை அறிவதற்கும், கீறலால் நேரும் பிழைகளைக் கண்டு திருத்துவதற்கும் ஒதுக்கப்பட்டவை. வினாடிக்கு 75 கூறுகள் என்ற கணக்கில், 80 நிமிடத் தகட்டில் 80 × 60 × 75 = 3,60,000 கூறுகள் அடங்கும். 2,048ஆல் பெருக்க 73,72,80,000 பைட் கிடைக்கும். இதையே தகட்டின் மேல் 700 மெகாபைட் என்று குறித்திருக்கக் காண்கிறோம்.

தகட்டில் கோப்புக்களை எவ்வாறு அடுக்குவது என்பதை 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் சர்வதேச நியமம் வகுத்தது. வட்டுப் படிமங்களை இன்றும் 'ஐ.எஸ்.ஓ. கோப்பு' என வழங்குவது இதன் காரணமாகவே. இந்நியமத்தின்படி முதல் 16 கூறுகள் பொதுவழக்கிலிருந்து ஒதுக்கப்பட்டு, அதற்கடுத்த கூறிலிருந்து தகட்டின் விவரம் தொடங்குகிறது. தொடக்க நிலையில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்களும் பின்னொட்டு மூன்று எழுத்துக்களும் கொண்டதாய், ஆங்கிலப் பெரிய எழுத்தில் அமையவேண்டியிருந்தது. தமிழிற் பெயரிட இடமில்லை. பின்னர் வந்த 'ஜோலியட்' என்னும் விரிவு, யூனிகோடு எழுத்தில் 64 எழுத்துக்கள் வரை பெயரிட இடமளித்தது.

1995இல் 'எல் டொரிட்டோ' என்னும் மற்றொரு விரிவு வந்தது. கணிப்பொறியில் இயக்கமுறையே இல்லாதபோதும், தகட்டிலிருந்தே அதைக் கிளப்புவதற்கு இது வழி செய்தது. பழுதுபட்ட கணிப்பொறியைத் தகட்டைக் கொண்டு உயிர்ப்பிக்க முடிவது இதனாலேயே ஆகும்.

இங்குக் களப்பணியாளர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும்.

முதலாவது, படிமத்தைப் பென்டிரைவில் நகலெடுப்பது வேறு, எழுதுவது வேறு. நகலெடுத்தால் பென்டிரைவ் அதைச் சரக்காகச் சுமக்குமேயன்றி, கணிப்பொறி அதிலிருந்து கிளம்பாது. படிமத்தை எழுதுவதற்கென உள்ள கருவியால் எழுதவேண்டும். அவ்வாறு எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்த கோப்புக்கள் அழிந்துபோம்.

இரண்டாவது, பென்டிரைவ்களிற் பல 'ஃபாட் 32' என்னும் முறையில் அமைக்கப்பட்டவை. அம்முறையில் ஒரு கோப்பின் அளவு 4,29,49,67,295 பைட்டுக்கு, அதாவது நான்கு கிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவான அளவுக்கு, மேற்படலாகாது. பென்டிரைவில் இடம் மிகுதியாக இருந்தும் ஒரு பெரிய படிமம் ஏற மறுப்பதன் காரணம் இதுவே. அதனை 'எக்ஸ்ஃபாட்' முறையில் மாற்றி அமைத்தால் தடை நீங்கும்.

மூன்றாவது, படிமத்தைத் தகட்டில் எழுதாமலே திறந்து பார்க்கவும் இயலும். இதனைப் 'பொருத்துதல்' என்பர். 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் இவ்வசதி இயக்கமுறையிலேயே அமைந்துள்ளது. மக்கின்டாஷ் கணிப்பொறிகளில் மென்பொருள்கள் பெரும்பாலும் 'டி.எம்.ஜி.' என்னும் படிமமாகவே வருகின்றன. அதைப் பொருத்தி, உள்ளிருக்கும் மென்பொருளைச் செயலிகளுக்குரிய உறைக்கு இழுத்துவிடவேண்டும். இழுக்காமல் படிமத்திலிருந்தே இயக்கியவர், படிமத்தைக் கழற்றியவுடன் மென்பொருளும் மறைந்துவிட்டதென்று திகைப்பது உண்டு.

நிறுவி

பெட்டி வந்து சேர்ந்தது. அதிலுள்ள பொருள்களை யார் இறக்கி அடுக்குவது? இதற்கென எழுதப்பட்ட நிரலே நிறுவி. நல்ல நிறுவி ஒன்று செய்யும் பணிகள் வருமாறு: கணிப்பொறி தகுதியுடையதா, வட்டில் இடம் உண்டா என ஆராய்கிறது, சுருக்கி வைத்த கோப்புக்களை விரித்து, உரிய உறைகளில் வைக்கிறது, எழுத்துருக்களைப் பதிவு செய்கிறது, அமைப்புக் குறிப்புக்களை எழுதுகிறது, தான் வைத்தவை அனைத்துக்கும் பட்டியல் எழுதிக்கொள்கிறது. இக்கடைசிப் பணி மிக முக்கியமானது. பின்னொரு நாள் மென்பொருளை நீக்கும்போது, எவற்றை எடுக்கலாம், எவற்றைத் தொடலாகாது என்பதை அப்பட்டியலே காட்டும். நீக்கும் வழியைப் பயன்படுத்தாமல் உறையை மட்டும் அழிப்பவர், குறிப்புக்களை அநாதையாக விட்டுச் செல்கின்றார்.

நிறுவும்போது நடுவே மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? பாதி வைத்த கோப்புக்களும் பாதி எழுதிய குறிப்புக்களும் கணிப்பொறியைக் குழப்பும். 1999இல் ஆஃபீஸ் 2000 தொகுப்புடன் வந்த 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' இதற்கு ஒரு வழி கண்டது. செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதை மீட்கும் வழியையும் அது எழுதிக்கொண்டே செல்கிறது. பணி முற்றுப்பெறாவிடின், எழுதியதைப் பின்னோக்கிப் படித்து, கணிப்பொறியைப் பழைய நிலைக்கு மீட்க முயல்கிறது. வங்கிக் கணக்கில் ஒரு பக்கம் பற்று எழுதி மறுபக்கம் வரவு எழுதாமல் விடலாகாது என்ற விதியை இது ஒத்தது.

லினக்ஸ் உலகில் வேறொரு மரபு வளர்ந்தது. 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில், ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி நிறுவியுடன் வருவதில்லை. எல்லாம் ஒரே வடிவில் அமைந்த 'பொதி'களாக வருகின்றன. ஒரு டெபியன் பொதியில் மூன்று பகுதிகள் உண்டு: பொதியின் வடிவ எண், பெயர், பதிப்பு, சார்புகள் ஆகியவற்றைக் கூறும் குறிப்பு, கோப்புக்களின் தொகுதி. கணிப்பொறியிலுள்ள ஒரே பொதிநிர்வாகி இவற்றை எல்லாம் நிறுவி, கணக்கு வைத்து, வேண்டியபோது நீக்குகிறது.

'சார்பு' என்பது யாது? ஒரு மென்பொருள் இயங்க மற்றொரு பொதியிலுள்ள நூலகம் வேண்டுமெனில், முன்னது பின்னதைச் சார்ந்தது எனப்படும். இணையத்தொடர்பு உள்ள இடத்தில் பொதிநிர்வாகி சார்புகளைத் தானே தேடி வரவழைக்கும். தொடர்பு இல்லாத பள்ளிக்கு ஒரே ஒரு பொதியை மட்டும் பென்டிரைவிற் கொண்டு சென்றால், 'சார்பு நிறைவு பெறவில்லை' என்ற செய்தியுடன் வேலை நின்றுவிடும். அத்தகைய இடங்களுக்குப் பொதிகளின் களஞ்சியத்தையே தாங்கிய டி.வி.டி. படிமத்தைக் கொண்டு செல்வது சிறந்தது. வேண்டிய நூலகங்கள் யாவற்றையும் தன்னுள்ளேயே அடக்கிய ஒற்றைக் கோப்பான 'ஆப்இமேஜ்' என்னும் வடிவமும் உண்டு. அதுவும் ஒருவகை வட்டுப் படிமமே, நிறுவாமலே இயங்கும்.

நம் நாட்டு அனுபவம்

2005 ஏப்ரலில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, தமிழ் மென்பொருட் கருவிகளும் எழுத்துருக்களும் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டு இலவசமாக வழங்கியது. இணையத்தொடர்பு மந்தமாயிருந்த அக்காலத்தில், எழுத்துருவும் விசைப்பலகை இயக்கியும் அலுவலகச் செயலிகளும் ஒரே தகட்டில் வந்ததால், தனித்தனியே தேடியலையும் தொல்லை நீங்கிற்று.

இதனினும் விரிந்த முயற்சி, சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய 'போஸ்' லினக்ஸ் ஆகும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட இவ்வியக்கமுறை 2007இல் வெளியாயிற்று. தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு வேண்டிய எழுத்துருக்களும் உள்ளீட்டு வசதியும் இதன் படிமத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. பள்ளிகளுக்கென 'எடுபோஸ்' என்ற பதிப்பும் உருவாக்கப்பட்டது. இதன் பயனை உணர்தல் அரிதன்று. எழுத்துருவைத் தனியே தேடவேண்டியதில்லை. படிமத்தை நிறுவிய நாளிலேயே மாணவன் தன் பெயரைத் தாய்மொழியில் எழுதலாம். தங்கவயல் போன்ற பன்மொழி ஊர்களில் இது சிறு நன்மையன்று.

உரைகல்

கட்டியைப் பெற்றவர் எடையும் மாற்றும் பார்ப்பதுபோல, படிமத்தைப் பெற்றவரும் அதைச் சோதிக்க வழியுண்டு. கோப்பிலுள்ள பைட்டுக்கள் அனைத்தையும் ஒரு குறிப்பிட்ட கணித முறைக்கு உட்படுத்தினால், நிலையான நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். இதனைச் சரிபார்ப்பு எண் என்போம். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் இவ்வெண் 256 பிட் நீளமுடையது. பதினாறடிமான முறையில் எழுதினால் 64 குறிகள் வரும். நான்கு கிகாபைட் படிமத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும், கிடைக்கும் எண்ணில் ஏறத்தாழப் பாதி பிட்டுக்கள் மாறிவிடும். ஆகவே வெளியீட்டாளர் அறிவித்த எண்ணும் நாம் கணித்த எண்ணும் ஒத்திருந்தால், படிமம் வழியிற் பழுதுறவில்லை என்று துணியலாம். முன்னர் வழங்கிய எம்.டி.5 என்னும் முறையில், வெவ்வேறான இரு கோப்புக்களுக்கு ஒரே எண் வரச்செய்ய இயலும் என்பது 2004இல் மெய்ப்பிக்கப்பட்டது. அது தற்செயலான பழுதைக் காட்டுமேயன்றி வஞ்சனையைக் காட்டாது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டியும் எடைச்சீட்டும் ஒரே கள்வன் கையிலிருந்து வந்தால், இரண்டும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. படிமம் கிடைத்த இடத்திலிருந்தே சரிபார்ப்பு எண்ணையும் பெற்றால், அது பயணத்திற் பழுதில்லை என்பதை மட்டுமே காட்டும். அனுப்பியவர் யார் என்பதைக் காட்டாது. அதற்கு மின்கையொப்பம் வேண்டும். வெளியீட்டாளர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைதிறவியால் ஒப்பமிடுகிறார். யாவர்க்கும் தெரிந்த பொதுத்திறவியால் எவரும் அவ்வொப்பத்தைச் சோதிக்கலாம். இம்முறைக்கு நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சட்டபூர்வமான மதிப்பை அளித்துள்ளது. நிறுவியைத் திறக்கும்போது விண்டோஸ் வெளியீட்டாளரின் பெயரைக் காட்டுவதும், 'அறியப்படாத வெளியீட்டாளர்' என எச்சரிப்பதும் இச்சோதனையின் விளைவே.

அச்சோதனை வீண் சடங்கன்று. பென்டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரல் தானே இயங்கும் 'ஆட்டோரன்' வசதியைப் பயன்படுத்தி, கிருமி நிரல்கள் ஒரு கூடத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவின. 2011இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பழைய விண்டோஸ் பதிப்புக்களிலும் பென்டிரைவுக்கான இவ்வசதியைக் கட்டுப்படுத்தியது. எனினும், பூட்டுடைத்த மென்பொருள் என்று கைமாறும் நிறுவிகளை மனிதரே தம் கையால் இயக்கும்போது, எந்தக் கட்டுப்பாடும் காக்காது.

நடைமுறைக் குறிப்புக்கள்

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 400 கோடி பைட் கொண்ட படிமத்தை, வினாடிக்கு 40 லட்சம் பிட் வேகமுள்ள தொடர்பில் இறக்க 8,000 வினாடி, அதாவது சுமார் 2 மணி 13 நிமிடம் ஆகும். இருபது கணிப்பொறிகளில் தனித்தனியே இறக்கினால் 44 மணி நேரத்துக்கு மேற்படும். ஒருமுறை இறக்கி, சோதித்து, பென்டிரைவில் எழுதிக்கொண்டால், கூடம் முழுவதையும் ஒன்றிரண்டு நாளில் ஆயத்தம் செய்துவிடலாம். இம்முறையைப் பின்பற்றுவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. படிமத்தையும் நிறுவியையும் வெளியீட்டாளரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுக.

2. இறக்கியவுடன் சரிபார்ப்பு எண்ணைக் கணித்து ஒப்பிடுக. பெயர், பதிப்பு, நாள், எண் ஆகியவற்றை ஒரு பதிவுப் புத்தகத்தில் குறித்து வைக்க.

3. முதலில் ஒரே ஒரு கணிப்பொறியில் நிறுவி, தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரி தட்டச்சிட்டு, அச்செடுத்துப் பார்க்க. அதன் பின்னரே ஏனையவற்றில் நிறுவுக.

4. இயக்கமுறையை நிறுவுமுன் மாணவரின் கோப்புக்களை வேறிடத்தில் படியெடுத்துப் பாதுகாக்க. மின்தடைக்கு மாற்று ஏற்பாடு இல்லாதபோது இப்பணியைத் தொடங்கலாகாது.

5. சோதித்த படிமம் ஒன்றை, எவரும் எழுதாதவாறு, தனியே பூட்டி வைக்க. கூடத்தில் எது பழுதுற்றாலும் மீண்டும் தொடங்குவதற்கு அதுவே முதற்பொருள்.

இவற்றுள் இரண்டாவதைத்தான் நம்மிற் பலர் நேரமின்மையைக் காரணங்காட்டி விட்டுவிடுகிறோம். அச்சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். செய்யாமையின் விளைவைச் சீர்செய்யப் பல நாட்கள் செல்லும். எடை பாராமல் பொன்னை வாங்குவார் இல்லை. மாணவரின் கல்வி சார்ந்து நிற்கும் பொருளையும் அவ்வாறே பார்த்துப் பெறுவது நம் கடமையாகும்.